விபரம் பின்னர் அறியத்தரப்படும்

நெடுந்தீவில் ஒருவர் இறந்தால் வீட்டுக்காரர் போய் யாரையும் அழைப்பதில்லை. ஒலிபெருக்கிக் கடைச் சுதனின் ஓட்டோ ஓடும். கூரையில் கட்டிய இரண்டு புனல்களிலும் இறந்தவரின் பெயர், தாய் தகப்பன், பிள்ளைகள், மருமக்கள், கிரியை நேரம் எல்லாம் ஒழுங்காக வரும். கேட்டவர் போக வேண்டும். காய்ச்சல், மாடு கன்று போடுது, மகளுக்குச் சோதினை என்ற கதையெல்லாம் எடுபடாது. நான் கரவெட்டிக்காரி. கணிதம் படிப்பிக்க மூன்று வருடத்துக்கென்று இங்கே அனுப்பினார்கள். இப்போது நாலாவது வருடம் நடக்கிறது, கேட்டால் கடிதம் மேலே போயிருக்கிறதாம். வந்த புதிதில் ஒரு செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டேன். மூன்று மாதம் இந்தத் தீவில் ஒருவரும் எனக்குப் பால் தரவில்லை.

அந்த ஓட்டோவில் வரும் குரல், நான் தங்கியிருக்கும் வீட்டு மகன் அனுசனுடையது. வயது இருபத்தைந்து. சுதனிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் சொல்லிக்கொடுத்தாராம்: "செத்தவீட்டைச் சொல்லேக்கை அழப்படாது, அவசரப்படப்படாது, ஆரெண்டு தெரிஞ்ச மாதிரிக் காட்டப்படாது. தெரிஞ்ச ஆளெண்டாலும் தெரியாத ஆள் மாதிரித்தான் சொல்லோணும்." அனுசன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். தன் சொந்த மாமாவின் மரணத்தை அவன் வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் விநியோக நேரத்தை அறிவிப்பது போலிருந்தது.

அந்தக் குரலைத்தான் லண்டனில் உள்ளவர்களுக்குப் பிடித்துப்போனது.

அனுசனின் இசைக்குழுவில் மூன்று பேர். அனுசன் பேஸ் கித்தார் அடித்துக்கொண்டு பாடுவான். நிலக்ஷன் கித்தார்; பகலில் பிரதேச செயலகத்தில் தற்காலிக வேலை. றெக்ஷன் டிரம், விடிய இரண்டு மணிக்குத் தகப்பன் இராயப்புவோடு கடலுக்குப் போய், வலையிலிருந்து மீனைக் கழற்றி, காலை வள்ளத்தில் ஏற்றிவிட்டு, கையில் செதிலோடு வந்து அடிப்பான். இசைக்குழுவுக்குப் பெயர் 'இரண்டரை வள்ளம்'. இரண்டரைக்குப் போகும் வள்ளத்தை விட்டால் அன்றைக்கு இந்தத் தீவை விட்டு யாரும் வெளியே போக முடியாது என்பதால் அந்தப் பெயர். கைவிட்ட கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டிடத்தில் பின்னேரங்களில் அடித்துப் பழகுவார்கள். அது பாட்டா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. டிரம் ஒரே அடியாக அடித்துக்கொண்டேயிருக்கும். பேஸ் அடியில் உறுமும். நிலக்ஷனின் கித்தார் தகரத்தில் ஆணியால் கீறுவது போல் இடைக்கிடை வந்து போகும். அனுசன் அதற்குமேல் பாட மாட்டான், சொல்லுவான்.

"உதுக்கு என்ன பேர் தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போஸ்ட் பங்க், ரீச்சர். இங்கிலாந்திலை நாப்பத்தஞ்சு வரியத்துக்கு முந்தி வந்தது. மான்செஸ்டர், லீட்ஸ் பக்கம். வேலையில்லாத பெடியள், மழை, மூடிக்கிடக்கிற ஆலை."

"உங்களுக்கு அதிலை என்ன?"

"எங்களுக்கு மழையும் இல்லை, ஆலையும் இல்லை. மிச்சம் எல்லாம் சரி" என்றான்.

இதையெல்லாம் அவர்களுக்குப் பழக்கியவன் தனுஜன், நிலக்ஷனின் பெரியம்மா மகன். லண்டனில் பிறந்தவன். அங்கே அவனுக்கும் ஒரு இசைக்குழு உண்டு, சின்னதாக ஒரு இசைத்தட்டு நிறுவனமும் நடத்துகிறான். இவர்களுடைய நாலு பாட்டு அவனுக்குப் போயிருந்தது. ஐந்தாவதும் சரியாக வந்தால் இசைத்தட்டு வெளியிடலாம், கார்த்திகையில் இங்கிலாந்தில் ஆறு ஊர்களில் அடிக்கலாம், விசாக் கடிதம் தானே தருவேன் என்று சொல்லியிருந்தான். அந்த ஐந்தாவது பாட்டுத்தான் பிரச்சினை. அது ஒரு மரண அறிவித்தல்.

அனுசன் அதைக் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னான். சுதனின் ஓட்டோவில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும் படிவத்தின் அதே வசனங்கள். பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. கிரியை நேரம் வரவேண்டிய இடத்தில், வெளிநாட்டிலிருந்து பிரேதம் வரப் பிந்தினால் சொல்வார்களே, அந்த வரி: விபரம் பின்னர் அறியத்தரப்படும். அதை ஒன்பது தரம் எழுதியிருந்தான். நான் ஒரு ரகரத்தை றகரமாக்கிக் கொடுத்தேன். கோட்டில் யாருடைய பெயர் வரும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிற புத்தி.

இனி மனோகரி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனுசனின் தாய். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மதியச் சாப்பாடு சமைப்பவர். விடிய நாலு பசுவிலும் பால் கறந்து, கொட்டிலைக் கூட்டி, ஏழு மணிக்கு நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குப் பருப்பும் கீரையும் அரியத் தொடங்குவார். கணவர் இலட்சுமணன் இறந்து பதினைந்து வருடம். பிள்ளைகள் இரண்டு பேர்.

இரண்டு பேர் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். கிராம சேவகர் குடும்ப விபரம் எடுக்க வந்தால், "வீட்டிலை மூண்டு பேர். ஒராள் வெளியிலை" என்பார். குடிதண்ணீர் அட்டையிலும் மூன்று பேர். மூத்தவன் நிசாந்தன் இருந்தால் இப்போது முப்பத்தாறு வயது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவனுக்கு ஒரு சேட்டு எடுப்பார். ஒவ்வொரு வருடமும் அளவைக் கொஞ்சம் கூட்டி எடுப்பார். "இந்த வயசிலை வயிறு வைச்சிருக்குமெல்லே ரீச்சர். தேப்பனுக்கும் வைச்சது" என்று இந்த வருடம் என்னிடம் சொன்னார். பதினாறு சேட்டும் அலுமாரிக்குள் மடித்தபடி இருக்கின்றன. அனுசன் சுதனின் கடைப் பெயர் அடித்த ரீசேட்டோடு திரிவான்.

சமாதானம் வந்த வருடம் காணி செய்யலாம் என்று கிளிநொச்சிக்குப் போன குடும்பம் அது. கடைசிச் சண்டையில் நிசாந்தனை இயக்கம் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினேழு நாள் வைத்திருந்தது. தப்பி ஓடிவந்துவிட்டான். எல்லாம் முடிந்து சனம் வெளியே வந்த அன்று அவனை இராணுவத்திடம் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள், பிறகு அவனைக் காணவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி மூன்று தரம் படிவம் வந்தது. மூன்றையும் மனோகரி அக்கா அடுப்பில் வைத்தார்.

ஆடி மாதம், சோளகக் காற்று. தெற்கு மேற்கிலிருந்து இரவு பகலாக அடிக்கும். வாயைத் திறந்தால் மண். வெள்ளிக்கிழமை பின்னேரம் மனோகரி அக்கா ஒடியல் கூழ் காய்ச்சினார். நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, பழப்புளி விட்டு, குசினி முழுக்க வாசம். கோலிக் குடிக்கப் பிலாவிலை இல்லாததால் கோப்பையில்தான் குடித்தோம்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வருவாய்?" என்று மகனைக் கேட்டார்.

"தெரியாதம்மா. றெக்கோடிங் கிடக்கு."

"எங்கை? சங்கக்கடையிலையோ?"

"இல்லை. தெற்காலை, குதிரை மேயிற வெளிக்கு. தனுஜன் அண்ணா சொல்லுறார், உள்ளுக்கை எடுத்தாக் குரல் செத்துப்போகுதாம். ஓட்டோ ஸ்பீக்கரிலை, வெளியிலை, காத்துக்கை எடுக்கட்டாம்."

"என்னத்தையோ கத்துங்கோ. வாற கிழமை மாட்டுக்கொட்டில் வேயோணும், நினைவிருக்கட்டும்" என்றார். பிறகு இன்னொரு அகப்பை அவன் கோப்பையில் ஊற்றினார். அவனுக்கென்று ஒரு நண்டுக்கால் தேடி எடுத்துப் போட்டதையும் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அவனில் அவருக்கு அன்பில்லாமல் இல்லை. மற்றவன்மேல் இருந்த அன்பு வேலை செய்து களைத்துப்போன பிறகு மிஞ்சுகிற அன்பு.

சனிக்கிழமை காலை பத்து மணிபோல் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மனோகரி அக்கா கொட்டிலுக்குள் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். காற்றோடு ஏதோ குரல் வருவது போலிருந்தது, கவனிக்கவில்லை. எங்கள் வளவில் பூவரசும் பனையும் நெருக்கம், ஒன்றும் தெளிவாகக் கேட்காது. சோளகம் அடிக்கிற மாதத்தில் தெற்கு வெளியில் நின்று ஒலிபெருக்கியில் பேசினால் அது நேரே சனம் இருக்கிற பக்கத்துக்குத்தான் போகும். கடற்காரன் மகன் றெக்ஷனுக்கு அது தெரியாதா? தெரியும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் ஒலிவாங்கியை வைத்தானாம். அந்தக் காற்று பிறகு எங்கே போகிறது என்று அவன் யோசிக்கவில்லை. அவர்களுக்கு அது பாட்டு. அதையே பதினொரு தரம் எடுத்திருக்கிறார்கள்.

முதலில் அன்னமுத்து ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தார். வெள்ளைச் சேலை. கையில் பெரிய கேத்தில். செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று அயலில் இருந்து தேத்தண்ணீர் வருவது இங்கத்தைய வழக்கம். பின்னால் இன்னும் ஐந்தாறு பெண்கள், கல்வேலியோரமாக வந்துகொண்டிருந்தார்கள்.

மனோகரி அக்கா சாணக் கையோடு வெளியே வந்தார். "என்னணை ஆச்சி? ஆருக்கு என்ன?"

அன்னமுத்து ஆச்சி கேத்திலை நிலத்தில் வைத்தார். "பிள்ளை, நிசாந்தன்ரை பேர் சொன்னவங்கள். ஸ்பீக்கரிலை சொன்னவங்கள்" என்று அழத் தொடங்கினார்.

மனோகரி அக்காவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அதைப் பார்த்திருக்கவே கூடாது. பதினாறு வருடத்தில் யாரும் கண்டிராத ஒரு சிரிப்பு வந்தது. சாணத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வந்திட்டானே? இறங்குதுறையிலையோ நிக்கிறான்? ரீச்சர், அந்தச் செருப்பை எடுங்கோ" என்று படலைப் பக்கம் ஓடப்போனார்.

பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த பிடியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அப்படிப் பிடிப்பது ஒன்றுக்குத்தான்.

அரை மணித்தியாலத்தில் வளவு நிறைந்துவிட்டது. யாரோ கதிரைகளை வெளியே எடுத்துப் போட்டார்கள். ஆண்கள் வேலியோரம் நின்று மெதுவாகக் கதைத்தார்கள். "புதைகுழி தோண்டிற இடத்திலை ஏதும் எடுத்தவங்களோ?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். "உடுப்பை வைச்சோ அடையாளம் பிடிச்சவை?" என்று இன்னொருவர். தெரியாது என்றேன். யாருக்கும் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு காலமும் கடன்பட்டுக்கிடந்த ஒரு செத்தவீட்டை ஒருவழியாகச் செய்யக் கிடைத்ததே என்கிற ஆறுதல்தான் அந்த முகங்களில் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நானும் ஒரு கதிரையில் போய் இருந்தேன், வேறென்ன செய்வது?

மனோகரி அக்கா அழவில்லை. "ஆர் சொன்னது? எவன் சொன்னவன்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்தத் தீவில் யாருடைய குரல் அது என்று தெரியாதவர்கள் இல்லை.

பதினொன்றரைக்கு ஓட்டோ வந்தது. மூன்று பெடியளும் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். பாட்டு நன்றாக வந்த சிரிப்பு. வளவைப் பார்த்ததும் அனுசன் ஓடிவந்தான். "அம்மாவுக்கு என்ன?" என்றுதான் கத்தினான். கதிரையில் இருந்த தாயைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"உனக்கு ஆரடா சொன்னது?" என்றார் மனோகரி அக்கா.

"என்ன அம்மா?"

"அவன் செத்தவனெண்டு ஆர் சொன்னது?"

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்னமுத்து ஆச்சியின் கேத்திலைப் பார்த்தான், ஓட்டோவின் புனலைப் பார்த்தான். "அம்மா, அது பாட்டு. ஒருத்தருக்கும் கேக்காதெண்டு…"

"பாட்டிலை அவன்ரை பேர் ஏன்?"

"வேறை பேருகள் போட்டுப் பாத்தனாங்கள்."

"நான் கேட்டது அதில்லை."

"ஒரு பேரும் நிக்கேல்லையம்மா. இல்லாத ஆக்களின்ரை பேரைச் சொன்னா எல்லாம் பொய்யாக் கிடந்தது. தனுஜன் அண்ணாவும் அதைத்தான் சொன்னவர்." குரல் இறங்கியது. "அஞ்சு வரியமா இந்தத் தீவிலை எல்லாற்றை செத்தவீட்டையும் நான் சொல்லிப்போட்டன். அவன்ரை மட்டும்தான் சொல்லேல்லை."

"செத்தால்தானேடா சொல்லுறதுக்கு?"

"செத்திட்டான் அம்மா."

றெக்ஷன் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். அனுசன் கையைத் தட்டிவிட்டான். "எல்லாருக்கும் தெரியும். இஞ்சை வந்திருக்கிற ஆரையேன் கேட்டுப் பாருங்கோ. ஒருத்தரேன் இது பிழையெண்டு சொன்னவையோ? தேத்தண்ணியோடை வந்திருக்கினம்."

"நீ கண்டனியோ அவன் செத்ததை?"

"நீங்கள் கண்டனீங்களோ அவன் இருக்கிறதை? பதினாறு வரியம். அவனுக்குச் சேட்டு. அவனுக்குத் தண்ணி அட்டை. நான் இருக்கிறன், நான் உங்களுக்கு முன்னாலை நிக்கிறன்."

மனோகரி அக்கா எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் பேசினார்.

"அவன் செத்தவனெண்டா அவனைக் கொண்டுபோய்க் குடுத்தது ஆர்? அதையும் சொல்லு. அண்டைக்கும் ஆமிக்காரர் ஸ்பீக்கரிலைதான் சொன்னவங்கள். இயக்கத்திலை ஒரு நாள் இருந்தவையும் வந்து பதியட்டாம், விசாரிச்சுப்போட்டு விடுவினமாம். அவன் மாட்டனெண்டவன். சனத்தோடை சனமாப் போவம் அம்மா எண்டு என்ரை சீலையைப் பிடிச்சவன். நான்தான் ஸ்பீக்கரை நம்பினனான். நான்தான் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய் விட்டனான். செத்தவனெண்டா நான் கொன்றனான் எண்டு அருத்தம். இன்னார் பெத்து இன்னார் கொன்றது எண்டு அதையும் சேத்துச் சொல்லு உன்ரை பாட்டிலை."

"எனக்குத் தெரியும்" என்றான் அனுசன். "உங்கடை மற்றக் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்."

நான் இவ்வளவு காலமும் அந்த வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழும்பியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. பிழை என்று தெரிந்த பிறகு சனம் எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தபடியே இருந்தார்கள். அன்னமுத்து ஆச்சி கோப்பைகளில் தேத்தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். மனோகரி அக்கா அந்தக் கேத்திலைப் பிடுங்கிக் கிணற்றடியில் ஊற்றினார். உள்ளே போய் அடுப்பை மூட்டினார். பச்சை ஓலையை வைத்து, கூரைக்கு மேலே புகை எழும்பும் வரைக்கும் ஊதினார். செத்தவீடில்லை என்று காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை. சனம் புகையைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் போனது, சொல்லிக்கொள்ளாமல், செத்தவீட்டிலிருந்து போவது போலவே.

ஞாயிற்றுக்கிழமை விடிய மனோகரி அக்கா சுதனை அழைப்பித்தார். "நேற்றுச் சொன்ன வாயாலையே இண்டைக்கு இல்லையெண்டு சொல்லோணும். தீவு முழுக்க."

சுதன் தலையைச் சொறிந்தார். "அக்கா, அப்பிடி ஒரு அறிவித்தல் இல்லை. நான் இருவது வரியமா இந்தத் தொழில் செய்யிறன். உதுக்குப் படிவம் கிடையாது."

"சாகிறதுக்கு மட்டும்தானோ உன்ரை ஸ்பீக்கர்?" என்று கேட்டார். சுதன் போய்ப் பற்றறியைப் பூட்டினார்.

படிவம் இல்லாததால் எழுத வேண்டியது என் தலையில் விழுந்தது. மூன்று தாள் கிழித்தேன். 'உயிருடன் இருப்பதாக நம்பப்படுகிறது' என்று ஒருதரம் எழுதினேன். மனோகரி அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆர் நம்பினமாம்?" என்று கேட்டு அதைத் திருப்பித் தந்தார். கடைசியில் இதுதான் வந்தது: "நேற்றுச் சனிக்கிழமை அறிவிக்கப்பட்ட செய்தி பிழையானது. நெடுந்தீவு மத்தியைச் சேர்ந்த இலட்சுமணன் நிசாந்தன் உயிருடன் இருக்கிறார். இத்தகவலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: தாய்."

அனுசனுடைய முகம் வீங்கியிருந்தது. நித்திரை இல்லை. தாளை வாசித்தான். "நான் சொல்லுறன், ரீச்சர்" என்றான். "ஆனா எனக்கு வேறை மாதிரிச் சொல்ல வராது. அந்தக் குரல்தான் வரும்."

ஓட்டோவில் சுதனுக்குப் பக்கத்தில் அனுசன் ஒலிவாங்கியோடு இருந்தான். பின்னால் மனோகரி அக்காவும் நானும், புனலின் வயர் கழலாமல் பிடித்துக்கொண்டு றெக்ஷனும். இறங்குதுறை, வைத்தியசாலையடி, சந்தை, கோயிலடி, தேவாலயத்தடி, பிறகு ஒழுங்கைகள். காற்று முகத்தில் அடித்தது. கல்வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரிந்தன. மனோகரி அக்கா ஒவ்வொரு தலையையும் பார்த்தார், கேட்டார்களா என்று. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, கேட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அழாமல், அவசரப்படாமல், ஆளைத் தெரியாதவன் போல் சொல்கிற குரல் அது. அந்தக் குரலில் பெயர் வந்தால் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான். நிசாந்தன் உயிருடன் இருக்கிறான் என்று நாற்பது தரம் சொல்லி நாற்பது இடத்திலும் அவனைச் சாகடித்துக்கொண்டு போனோம்.

றெக்ஷனின் மடியில் கைபேசி கிடந்தது. ஒலிப்பதிவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்ததைக் கண்டேன். அவனும் நான் கண்டதைக் கண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னையே ஏசிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மனோகரி அக்கா மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து மகனோடு பேசவில்லை. சோறு போட்டு மூடி வைப்பார். அவன் வந்து சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பான். கொட்டிலை வேய்ந்து கொடுத்தான். அதற்கும் ஒரு வார்த்தை இல்லை.

மரண அறிவித்தல் பாட்டை வெளியிட வேண்டாம் என்று அனுசனே தனுஜனுக்குச் சொல்லிவிட்டான். தனுஜனுக்கு அதில் கவலையில்லை, ஏனென்றால் றெக்ஷன் ஓட்டோவில் பதிந்து அனுப்பிய மற்றது அவனிடம் இருந்தது. இரண்டு வாரம் கழித்து அனுசன் என்னிடம் வந்து, "அதைப் போடட்டோ எண்டு கேக்கினம். நான் ஓம் எண்டிட்டன்" என்றான்.

"அம்மாட்டைக் கேட்டனீரோ?"

"அவ என்னோடை கதைக்கிறேல்லையே, ரீச்சர். எப்பிடிக் கேக்கிறது?"

நியாயம்தான். பொல்லாத நியாயம்.

ஐப்பசியில் பாட்டு வெளிவந்தது. பெயர் 'தகவல்: தாய்'. டிரம் ஒரே அடியாக அடிக்கிறது, பேஸ் உறுமுகிறது, சோளகக் காற்று இரைகிறது, அதற்குமேல் அந்தக் குரல். நடுவில் ஓரிடத்தில் ஒரு பெண் "இன்னும் பலமாச் சொல்லு" என்கிறாள். வெள்ளைக்காரப் பத்திரிகைகளில் எழுதினார்களாம். விசா வந்தது. பெடியள் மூவரும் கொழும்புக்குப் போனார்கள். போகிற அன்று அனுசன் படலையில் நின்று, "அம்மா, போட்டுவாறன்" என்றான். மனோகரி அக்கா பால் கறந்துகொண்டிருந்தார். பால் வாளியில் விழுகிற சத்தம் நிற்கவில்லை.

அவருக்கு அந்தப் பாட்டுத் தெரிய வந்தது என்னால். அதற்கடுத்த கிழமை, கூடப் படிப்பிக்கும் ஒருவர் அனுப்பிய அந்தப் பாட்டை அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. கையில் அகப்பையோடு நின்றார். பாட்டை நிறுத்தப் போனேன்.

"விடுங்கோ. அது என்ன சொல்லுறது?" என்றார்.

கடைசிவரை நின்று கேட்டார். பிறகு தன்னுடைய கைபேசியைக் கொண்டுவந்து, "எனக்கும் உதைப் போட்டுத் தாங்கோ" என்றார்.

அன்று தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் கீரை அரியும்போது, கொட்டிலில் சாணம் அள்ளும்போது, படுக்கப் போகும்போது. வாடைக்காற்றும் மழையும் வந்து வள்ளம் ஓடாத நாட்களில் வீடு முழுக்க அதுதான். 'இலட்சுமணன் நிசாந்தன் உயிருடன் இருக்கிறார்' என்ற இடம் வரும்போது செய்கிற வேலையை நிறுத்துவார். உலகத்தில் வேறு யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. யாருடைய குரல் அது என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

கார்த்திகை மூன்றாம் திகதி பின்னேரம் குசினியில் இருந்தோம். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கைபேசி அம்மியில் சாய்த்து வைத்திருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெயர் வருகிற இடத்துக்குச் சற்று முன் அது நின்று, மணி அடித்தது. திரையில் அனுசனின் படம். அன்று இரவு அவனுக்கு விமானம் என்று எனக்குத் தெரியும், விமான நிலையத்துக்குப் போக முதல் ஒரு சொல் பேச எடுக்கிறான் என்றும் தெரியும்.

"அக்கா, தம்பி எடுக்கிறான். இண்டைக்குத்தான் பிளேன்" என்றேன்.

மனோகரி அக்கா தேங்காய்ப்பூக் கையைச் சேலையில் துடைத்தார். கைபேசியை எடுத்துப் பார்த்தார். பச்சையை அழுத்தப் போகிறார் என்று நம்பினேன், கடவுளே என்று மனதுக்குள் சொன்னேன். சிவப்பை அழுத்தினார்.

"பாட்டு நிண்டு போச்சு" என்று கைபேசியை என்னிடம் நீட்டினார். "முதலிலை இருந்து போட்டு விடுங்கோ, ரீச்சர்."